சீகன்பால்கை அனுப்பிய ராஜா எப்படிப்பட்டவர்?

மயிலாடி டீச்சர்:
எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். போன ஞாயிறு, தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் கதை சொல்லும்போது, அவரை டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்பினார் என்றேன். உடனே ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அந்த ராஜா நல்லவரா டீச்சர்?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கோட்டாறு வாத்தியார்:
பையன் சரியான இடத்தில் கேட்டிருக்கிறான், மக்களே. நாற்பது வருஷம் சரித்திரம் நடத்தியிருக்கிறேன், ஒரு பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

1671ல் பிறந்தவர். 1699 முதல் 1730 வரை டென்மார்க்கும் நார்வேயும் அவர் கையில். ஆட்சியில் பல வருஷம் சுவீடனோடு சண்டையில் போனது, 1720ல்தான் ஓய்ந்தது. நடுவே 1711ல் கோபன்ஹேகனில் கொள்ளைநோய். 1728ல் நகரம் பற்றியெரிந்ததில் பல்கலைக்கழக நூலகமே சாம்பல்.

தரங்கம்பாடி அவருடைய கொடி பறந்த ஊர். அங்கே மிஷனரியாக அனுப்ப டென்மார்க்கில் ஆள் அமையவில்லை. அரண்மனைப் போதகர் லூட்கென்ஸ் மூலம் ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கும் புளுட்சோவும் கிடைத்தார்கள். 1706 ஜூலையில் வந்து இறங்கினார்கள். ராஜா அனுப்பிய ஆள் என்றுகூடப் பார்க்காமல், அங்கிருந்த கோட்டைத் தலைவர் சீகன்பால்கை நாலு மாதம் சிறையில் அடைத்தார். ராஜா இருந்தது அத்தனை தூரத்தில்.

எனக்கு அவரிடம் பிடித்தது பள்ளிக்கூடங்கள். 1720களில் அரச நிலங்களில் 240 பள்ளி கட்டினார், குடியானவர் பிள்ளைகள் வாசிக்கப் படிப்பதற்காக. எல்லாம் செங்கல் கட்டடம், வாசலில் கல்வெட்டு. நம் ஜில்லாவில் கோயிலை ஒட்டிப் பள்ளி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தக்கலை தம்பி:
சார், ராணி உயிரோடு இருக்கும்போதே அவர் வேறு பெண்களைக் கட்டினார் என்று வாசித்தேன். அதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா?

கோட்டாறு வாத்தியார்:
உண்மைதான், தம்பி. 1703ல் ஒருத்தியைக் கட்டினார், அடுத்த வருஷமே பிரசவத்தில் அவள் இறந்துபோனாள். 1712ல் ஆன்னா சோபி என்ற 19 வயதுப் பெண்ணை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து மணந்தார். ராணி லூயிஸ் 1721ல் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாளே ஆன்னா சோபியை ஊரறிய மணந்து ராணியாக்கினார். அந்த லூயிஸ் அம்மாவை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

குடியானவர் விஷயத்திலும் இப்படித்தான். 1702ல் டென்மார்க்கின் சீலாந்துத் தீவுப் பக்கம், பிறந்த பண்ணையை விட்டுப் போகக்கூடாது என்ற அவர்களின் அடிமைக்கட்டை ஒழித்தார். ஆனால் முந்தின வருஷம் அவரே கொண்டுவந்த ஊர்ப்படைச் சட்டம் இளைஞர்களை அதே மண்ணில் பிடித்து வைத்தது.

என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளிடம் விவரமாகப் போக வேண்டாம். "ராணிக்குத் துரோகம் செய்தார்" என்ற ஒரு வரியை மட்டும் விடாதீர்கள், டீச்சர். மறைத்தால் பெரியவனானதும் அவனே வாசிப்பான். அப்புறம் நாம் சொன்ன மற்றதையும் நம்பமாட்டான்.

மயிலாடி டீச்சர்:
ரொம்ப நன்றி சார். அந்த ஒரு வரியைக் கட்டாயம் சொல்கிறேன். கல்வெட்டிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். கேட்ட பையனின் அப்பா இங்கே கல் கொத்துகிறவர். மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1806ல் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் தமிழ் படித்ததும் அதே தரங்கம்பாடியில்தானே, அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.