கிரேனை நேரில் பார்க்காமலே சான்றிதழ் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

கருப்பூர்_ஷெட்

வணக்கம். சேலம் கருப்பூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டேங்க், கன்வேயர் ஃபிரேம், ஸ்ட்ரக்சர் வேலை. ஆட்கள் இருபத்தைந்து பேர். 5 டன் இஓடி கிரேன் (ஷெட்டின் மேலே தண்டவாளத்தில் ஓடுகிற மின்சாரக் கிரேன்) ஒன்று, கையால் சங்கிலி இழுத்துத் தூக்குகிற 2 டன் செயின் பிளாக் மூன்று, அது போக பாரத்தைக் கட்டித் தூக்குகிற வயர் ரோப் ஸ்லிங், பெல்ட், அவற்றை மாட்டுகிற ஷாக்கிள் எல்லாம் ஒரு பழைய டிரம்மில் கிடக்கிறது. கிரேன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பழைய பேப்பர் எதுவும் கையில் இல்லை.

புதிதாக ஆர்டர் தர வந்த கம்பெனி ஒன்று ஆடிட்டில் லிஃப்டிங் சான்றிதழ் கேட்டுவிட்டது. ஓனர் விசாரித்தார். ஒருவர், கிரேன் போட்டோவும் நேம் பிளேட் போட்டோவும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இரண்டு நாளில் கூரியரில் வரும் என்கிறார். இன்னொருவர், நேரில் வருவேன், கிரேனை ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள், 6.25 டன் எடை தயார் செய்து வையுங்கள் என்கிறார். ஓனர் முதல் ஆள் பக்கம் சாய்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவரிடம் என்ன சொல்லி நிறுத்துவது? இரண்டாவது ஆள் வந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

லேத்_கொண்டலாம்பட்டி

ஆர்டர் கைவிட்டுப் போய்விடக் கூடாது நண்பரே. இப்போதைக்கு அந்தப் பேப்பரை வாங்கிக் கொடுத்து ஆடிட்டை முடியுங்கள், அப்புறம் நிதானமாக நல்ல ஆளைக் கூப்பிடலாம். இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பழைய_மெயின்டனன்ஸ்

தம்பி, அந்தப் பேப்பரை வாங்க வேண்டாம். லேத் நண்பர் சொல்கிற "அப்புறம்" வரவே வராது. சான்றிதழ் ஃபைலில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு வருஷம் யாரும் மேலே ஏறிப் பார்க்க மாட்டார்கள். பேப்பரே இல்லாவிட்டால் கூட ஆட்கள் கொஞ்சம் பயந்து தூக்குவார்கள். பொய்ப் பேப்பர் அந்தப் பயத்தையும் எடுத்துவிடும்.

நான் இதே சேலத்தில் ஒரு ஆலையில் கிரேன் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். சோதனைக்கு வருகிறவர்களோடு மேலே ஏறி, கழற்றிக் காட்டியதெல்லாம் என் வேலைதான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓனரிடம் முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம், 29வது பிரிவு. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் இத்தனை வருஷமும் நடைமுறை அந்தப் பிரிவின்படிதான். கிரேன், செயின் பிளாக், சங்கிலி, ரோப், ஸ்லிங், கொக்கி, ஷாக்கிள் எல்லாம் அதில் அடங்கின. 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்ற நபர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றது. முழுமையாக என்றால் என்ன என்றும் அந்தப் பிரிவே சொன்னது: கண்ணால் பார்ப்பது, தேவைப்பட்டால் வேறு முறைகளையும் சேர்ப்பது, பாகங்களைக் கழற்றிப் பார்ப்பது, பாதுகாப்பானதா என்று நம்பகமான முடிவுக்கு வருவது. கழற்றிப் பார்ப்பது என்று சட்டமே எழுதி வைத்திருந்த வேலை இது, போட்டோவில் எதைக் கழற்றுவார்? நாளைக்கு ஒன்று நடந்தால் அந்தக் கூரியர் கவரே ஓனருக்கு எதிரான சாட்சி.

இரண்டாவது ஆளிடமும் ஒன்று கேளுங்கள். அவருக்கு அரசின் அங்கீகாரம் இருக்கிறதா, அது தூக்கும் இயந்திரங்களுக்கு உண்டா, இன்றைய தேதியில் செல்லுமா, மூன்றையும் அங்கீகார ஆணையின் நகலில் பாருங்கள். பிரஷர் வெசலுக்கு (அழுத்தக் கலனுக்கு) மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கிரேனுக்கும் கையெழுத்துப் போடுவது நடக்கிறது. சந்தேகம் இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம் சேலத்திலேயே இருக்கிறது, நேரில் போய்க் கேட்டுவிடலாம்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? என் அனுபவத்தில் ரோப் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கெடுவது குறைவு. தினமும் ஓடுகிற பகுதியில் ஆயில் இருக்கும், ஆபரேட்டரும் பார்த்துக்கொண்டே இருப்பார். கெடுவது ஒளிந்த இடத்தில். உங்கள் கிரேன் கிராப் (crab) டைப், அதாவது தூக்கும் இயந்திரம் மேலே ஒரு டிராலியில் ஓடுகிற வகை என்றால், மேலே ஈக்வலைசர் புல்லி, அதாவது ரோப்பின் இரண்டு பக்க இழுப்பையும் சமன் செய்கிற புல்லி ஒன்று இருக்கும். மற்ற புல்லிகள் சுற்றும், இது சுற்றாது, லேசாக ஆடும், அவ்வளவுதான். ரோப் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நிமிரும். அங்கே கிரீஸ் காய்ந்து, வெல்டிங் புகையும் கிரைண்டிங் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் பிசின் பிடித்திருக்கும். கம்பி இழை அறுவது அந்தப் பிசினுக்கு அடியில், புல்லியைத் தொடுகிற பக்கத்தில். கொக்கியைத் தரையில் இறக்கி, ரோப்பைத் தளர்த்தி, புல்லியிலிருந்து தூக்கி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால்தான் தெரியும். கீழே நின்று டார்ச் அடித்துவிட்டு "ரோப் நல்லா இருக்கு" என்று எழுதுகிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

கிரேனில் ரோப் சுற்றுகிற டிரம்மில் ரோப் முனையைப் பிடித்திருக்கிற கிளாம்ப் போல்ட்டையும் பார்க்க வேண்டும். கொக்கி தரையைத் தொட்ட பிறகும் டிரம்மில் குறைந்தது இரண்டு சுற்று மிச்சம் இருக்க வேண்டும். ரோப் விட்டத்தை அளக்கும்போது வெர்னியரை எதிரெதிர் புரிகளின் முதுகில் வைக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் வைத்தால் அளவு தப்பாகும்.

கொக்கியைச் சுத்தம் செய்து டை பெனட்ரன்ட் (வெடிப்பைக் காட்டிக்கொடுக்கிற மை) அடிக்க வேண்டும். உள்வளைவிலும் தண்டின் மரை ஆரம்பிக்கிற இடத்திலும்தான் வெடிப்பு விடும். அதற்கு நட்டைக் கழற்றியாக வேண்டும். சிவப்பு மை போட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், வெடிப்பு இருக்கிற இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழும்பி வரும். அதைப் பார்த்தபின் அந்தக் கொக்கியில் வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொக்கி ஃபோர்ஜிங், அதாவது காய்ச்சி அடித்துச் செய்தது, அதில் வெல்டிங் கூடவே கூடாது. வாய் அகலத்துக்கு, புதிய கொக்கி போடும்போதே இரண்டு பக்கமும் சென்டர் பஞ்ச் புள்ளி வைத்து இடைவெளியை ரெஜிஸ்டரில் எழுதுங்கள். என் கணக்கு, 60 மி.மீ. இருந்தது 63 ஆனால் கொக்கி போய்விட வேண்டும்.

லோடு டெஸ்ட்டில் 125 சதவீதம் என்பதால்தான் 6.25 டன் கேட்கிறார், அது முறைதான். எடைக்கு அலைய வேண்டாம், உங்கள் தகடே போதும். 10 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. 6.3க்கு 1.5 மீட்டர் தகடு ஒன்று ஏறத்தாழ 742 கிலோ, எட்டு வைத்தால் 5.9 டன் வந்துவிடும், மிச்சத்தைத் துண்டில் சரிக்கட்டுங்கள். எடைமேடைச் சீட்டை ஃபைலில் வையுங்கள். கட்டுகிற ஸ்லிங் அந்த எடைக்கு உரியதாக இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு ஜாண் தூக்கி நிறுத்தி, பிரேக் பிடித்தபடி நிற்கிறதா, மெதுவாக இறங்குகிறதா என்று பார்ப்பார். ஆனால் லோடு டெஸ்ட் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாதி அறுந்த ரோப்பும் அன்றைக்குத் தாங்கிவிடலாம். முதலில் கழற்றிப் பரிசோதனை, பிறகுதான் பாரம்.

உங்கள் பழைய டிரம்மில் கிடக்கிற ஸ்லிங்தான் எனக்குக் கிரேனை விடப் பெரிய கவலை. வெல்டிங் ஷெட் என்கிறீர்கள். எர்த் கிளாம்ப்பை (வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகிற கவ்வியை) வேலைப் பொருளில் மாட்டாமல் தூணில் மாட்டிவிட்டு, கிரேனில் தொங்குகிற பொருளை வெல்ட் செய்தால், கரண்ட் ஸ்லிங் வழியாக, செயின் வழியாகத் திரும்பும். சங்கிலிக் கண்ணியில் சின்னதாக நீலம் பாய்ந்த பொட்டு தெரிந்தால் அது அதனால்தான். அந்த இடம் உடையத் தயாராக இருக்கிறது. இதை உங்கள் வெல்டர்களிடம் நாளைக் காலையிலேயே சொல்லுங்கள், சோதனைக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏற்காடு_எஸ்டேட்

பெரியவர் சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். காபி பல்பர் (பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்), மோட்டார் எல்லாம் தூக்க எங்களிடம் ஒரு 1 டன் செயின் பிளாக்கும் பெல்ட்டும் உண்டு. சில நேரம் சில்வர் ஓக் கிளையில் மாட்டித் தூக்குகிறோம். மற்ற நாளில் ஸ்டோரில் இருக்கும். இங்கே மழைக்காலத்தில் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வரும்.

பழைய_மெயின்டனன்ஸ்

கிளையில் மாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள் ஐயா. செயின் பிளாக் எவ்வளவு தாங்கும் என்று அதில் எழுதியிருக்கிறது, கிளையில் எழுதவில்லை. பைப்பில் ஒரு முக்காலி ஃபேப்ரிகேட் செய்து, அதையும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் வயர் ரோப் உள்ளே நடுப்புரியிலிருந்து துருப்பிடிக்கும், வெளியே பளபளப்பாகவே இருக்கும். வளைத்துப் பார்க்கும்போது செம்பொடி உதிர்ந்தால் எடுத்துவிடுங்கள். பெல்ட்டில் லேபிள் இருக்கிறதா பாருங்கள். ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. நிறம் இருந்தாலும் லேபிள் கிழிந்து போயிருந்தால் பயன்படுத்தக் கூடாது.

கருப்பூர்_ஷெட்

ரொம்ப நன்றி ஐயா. நீங்கள் எழுதியதை ஓனருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கூரியர் கவர் சாட்சி என்ற இடத்தில் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை கரண்டை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, மேலே ஏறினோம். ஈக்வலைசர் புல்லிக்கு அடியில் துடைத்தால் இழைகள் அறுந்து முள்ளு முள்ளாக நிற்கிறது, துணி மாட்டிக் கிழிந்தது. கிரேனை நிறுத்திவிட்டு, நேரில் வருகிறவருக்கே போன் செய்துவிட்டார் ஓனர். புது ரோப் போட்டபிறகு வரச் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்று கேட்க வேண்டும். நீளத் தகட்டை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்குகிறோம். ஒவ்வொரு காலும் 1 டன். அப்படியானால் 2 டன் தூக்கலாம்தானே?

பழைய_மெயின்டனன்ஸ்

ஓனருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நல்ல முடிவு எடுத்திருக்கிறார்.

2 டன் தூக்க முடியாது தம்பி. இரண்டு காலும் செங்குத்தாகத் தொங்கினால்தான் ஆளுக்குப் பாதி. கால்களுக்கு நடுவே 60 டிகிரி விரிந்தால் 2 டன் பாரத்தில் ஒவ்வொரு காலும் 1.15 டன் இழுக்கும், 90 டிகிரியில் 1.41, 120 டிகிரியில் ஒவ்வொரு காலுமே முழு 2 டன். நீளத் தகட்டுக்குக் குட்டை ஸ்லிங் போட்டால் நீங்கள் இருப்பது அந்தக் கடைசிக் கணக்கில். நீளமான ஸ்லிங் வாங்குங்கள், அல்லது ஸ்லிங் கால்கள் செங்குத்தாகத் தொங்க நடுவில் போடுகிற ஸ்ப்ரெடர் பீம் ஒன்று செய்து, தாங்கும் பாரத்தைப் பெயின்ட்டில் எழுதி, வருகிறவரிடம் அதையும் சோதிக்கக் கொடுங்கள்.

புது ரோப் வாங்கும்போது டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். முனையில் யு கிளாம்ப் போடுவதாக இருந்தால் குறைந்தது மூன்று வேண்டும். சேடில் (கிளாம்ப்பின் அடிக்கட்டை) பாரம் தாங்குகிற நீளப் பக்கம், யு போல்ட் குட்டை முனைப் பக்கம். முதல் பாரம் தூக்கியதும் மறுபடி நட்டை இறுக்குங்கள். அப்புறம், கழற்றிய பழைய ரோப்பை ஷெட்டில் வைக்காதீர்கள். ஸ்லிங் ஆகும் என்று யாராவது எடுத்து வைப்பார்கள். அன்றைக்கே கேஸ் கட்டரில் ஒரு முழத் துண்டுகளாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.