புதுப்பிப்பு: ஷட்டர் கோளாறு கேமரா சர்வீஸிலிருந்து திரும்பிய கதை

போன பதிவில் சொன்ன அதே கேமராதான். வாரன்ட்டி முடியாத மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை); ஷட்டர் வேகம் 1/2000 நொடியைத் தாண்டிக் கூடினால் படத்தின் மேல்பகுதி கறுப்பாக விழும். கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பிவிட்டது, கோளாறும் கூடவே வந்துவிட்டது.

சென்சார் சுத்தம் செய்தோம், ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றினோம், கோளாறு இல்லை என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். கோளாறு ஷட்டரில் அல்லவா! ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னால் ஓடும் இரண்டு திரைகள்; வேகம் கூடும்போது அவை நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பின்திரை முன்திரையை எட்டிப் பிடித்துவிட்டால் அந்த இடத்துக்கு வெளிச்சமே கிடைக்காது. திரைகள் ஓடாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் அதே வேகத்தில் படம் சுத்தமாக வருகிறது, வேறென்ன சாட்சி வேண்டும்? மெதுவான வேகத்தில் நாலு படம் எடுத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள் போல.

படங்களோடு மறுபடி போனேன். இப்போது, கீழே விழுந்த அடையாளம் இருக்கிறது, வாரன்ட்டி செல்லாது என்றார்கள். மேலே ஒரு கீறல்கூட இல்லை. அதை எழுத்தில் கொடுங்கள் என்றதும் கவுன்ட்டரில் இருந்த தம்பி மேலாளரைத் தேடிப் போனார்.

சரி என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அப்புறம்தான் கம்பெனியிலிருந்து போனே வந்தது. ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவார்களாம், பாகம் வரவேண்டுமாம், தேதி மட்டும் சொல்ல மாட்டார்களாம்.

இன்னும் இழுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்; பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில், சீட்டு எல்லாம் ஸ்கேன் செய்து வைத்தாயிற்று.