மகளுக்கு ஒரு சின்ன ஜூனியர் காலேஜில் வாலிபால் இடம் கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா?

விச்சிட்டா_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் இருக்கிறோம், வந்து பதினாறு வருடம் ஆகிறது. மகள் பள்ளியில் கடைசி வருடம். வாலிபாலில் லிபரோ, அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதற்கென்றே இருக்கும் ஆள். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்தான், அதனால் பெரிய யுனிவர்சிட்டி கோச்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன மாதம் ஒரு கிளப் டோர்னமெண்டில் அவள் ஆடியதைப் பார்த்துவிட்டு மேற்குக் கான்சாஸில் இருக்கும் ஒரு சின்ன ஜூனியர் காலேஜ் கோச் தானாக வந்து பேசினார். டியூஷனும் புத்தகமும் காலேஜ் பார்த்துக்கொள்ளும், டார்முக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் கட்ட வேண்டும். வீட்டிலிருந்து கார் ஓட்டினால் மூன்றரை மணி நேரம்.

மகள் அன்றைக்கே சரி சொல்லத் தயார். மனைவிக்கு மனசே இல்லை. நாலு வருட யுனிவர்சிட்டியில் சீட் கிடைக்கிற பிள்ளையை எதற்கு இரண்டு வருட காலேஜுக்கு அனுப்ப வேண்டும் என்கிறாள், ஊரிலிருந்து அக்காவும் போனில் அதையேதான் கேட்கிறாள். பிள்ளைக்குப் பின்னால் பிஸியோதெரபி படிக்க ஆசை, ஆக இப்போது பயாலஜி எடுக்க வேண்டும்.

நான் தஞ்சாவூர் பக்கம். கோயில் திருவிழாவுக்கு டியூப்லைட் கட்டி விடிய விடிய நடக்கும் மேட்ச்களில் ஆடியவன், சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட் என்ற காலம் அது, லிபரோ என்றே ஒரு ஆள் கிடையாது. அதனால் ஆட்டம் தெரியும். இங்கே காலேஜ் சீசன் எப்படி ஓடுகிறது, படிப்பு அதற்குள் எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. இந்த மாதிரிச் சின்ன காலேஜில் பிள்ளையை விட்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

அண்ணா, நான் பக்கத்து நெப்ராஸ்காவில் இப்படி ஒரு சின்ன ஜூனியர் காலேஜில் கணக்கு எடுக்கிறேன். என் காலை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஏதாவது ஒரு டீமில் இருப்பவர்கள். இந்த மாதிரி ஊர்களில் டார்மை நிரப்புவதே டீம்கள்தான்.

சீசன் கணக்கு இதுதான். வாலிபால், சாக்கர், கிராஸ் கன்ட்ரி எல்லாம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிந்துவிடும். நவம்பர் பிறந்ததும் பாஸ்கெட்பால், அது மார்ச் வரை. ஆண்கள் முதல் டிவிஷன் தேசியப் போட்டி உங்கள் பக்கத்து ஹட்சின்சனில்தான் 1949 முதல் நடக்கிறது, ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள், ஜூனியர் காலேஜ் ஆட்டம் எந்தத் தரத்தில் இருக்கும் என்று கண்ணால் பார்த்தால் உங்கள் வீட்டு விவாதம் பாதி தீர்ந்துவிடும். பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் பனி விலகுவதற்கு முன்பே தொடங்கி மே வரை இழுக்கும், ஒரே நாளில் இரண்டு மேட்ச் அவர்களுக்குச் சாதாரணம்.

வாலிபால் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டர்தான் நெருக்கடி. வீட்டை விட்டு வந்த புதுசு, காலேஜ் பாடம் புதுசு, அதே நேரத்தில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மேட்ச். கான்சாஸில் ஒரு காலேஜுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தூரம் அதிகம். லிபரல் என்ற ஊர் ஒரு கோடி, காஃபிவில் இன்னொரு கோடி. வெளியூர் மேட்ச் என்றால் மதியமே பஸ் கிளம்பும், திரும்பி வர நள்ளிரவு தாண்டும். மறுநாள் எட்டு மணி வகுப்பில் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். முழங்காலில் ஐஸ் பை, மடியில் வீட்டுப்பாடம். பஸ்ஸில் போன் வெளிச்சத்தில் எழுதியது, ரோட்டில் பள்ளம் வந்த இடத்தில் கோடு கோணிக்கொண்டு போயிருக்கும். அந்தத் தாள்களைத் திருத்தும்போது எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை வரும்.

விதி என்று பார்த்தால், எப்போதும் குறைந்தது 12 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அளவுக் கணக்கு) கையில் இருக்க வேண்டும். ஒரு பாடம் கஷ்டம் என்று நடுவில் விட்டு 12க்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே ஆட முடியாது. இரண்டாவது சீசன் ஆட 24 கிரெடிட்டும், நாலுக்குப் போடும் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 2.0வும் வேண்டும். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 2.0 இல்லை. இங்கிருந்து என்.சி.ஏ.ஏ. என்ற நாலு வருடக் காலேஜ்களின் விளையாட்டு அமைப்பில் முதல் டிவிஷன் காலேஜுக்கு மாறிப் போய் ஆட வேண்டும் என்றால் 2.5 கேட்பார்கள், பிஸியோதெரபிக்கோ அதுவும் போதாது. ஆகவே முதல் நாளிலிருந்தே 3.5க்கு மேல் என்று பிள்ளையிடம் பேசி வையுங்கள்.

கோச்சிடம் இதை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: பயாலஜி லேப் எந்த நாள், எத்தனை மணிக்கு? சின்ன காலேஜில் ஒரு லேப் வகுப்பு செமஸ்டருக்கு ஒரே ஒரு நேரத்தில்தான் இருக்கும். அது மதியம் பிராக்டிஸ் நேரத்தில் விழுந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிற கோச் நல்ல கோச்.

---

டெக்சாஸ்_அம்மா எழுதியது:

என் பையன் பேஸ்பால் ஆடினான், இரண்டு வருடம், எங்கள் மாநிலத்திலேயே ஒரு ஜூனியர் காலேஜ். ஆட்டத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கோச் பிள்ளைகளைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். நாங்கள் அடிபட்டது கிரெடிட்டில்.

அவன் எடுத்த ஆறு பாடத்தை அடுத்துப் போன யுனிவர்சிட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், கணக்கில் சேர்த்தார்கள், ஆனால் அவன் மேஜருக்கு, அதாவது முக்கியப் பாடத்துக்கு, உதவாத எலக்டிவ் (விருப்பப் பாடம்) என்று போட்டுவிட்டார்கள். சீசன் நடக்கும்போது லேசாக இருக்கட்டும் என்று அட்வைசர் எழுதிக் கொடுத்த பாடங்கள் அவை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பையன் ஆடத் தகுதியோடு இருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்தார். நாங்களும் கேட்கவில்லை. அதற்கு விலை ஒரு வருடம் கூடுதல் படிப்பு, கூடுதல் பணம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கான்சாஸில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மாநிலத்துப் பொதுக் காலேஜ்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, மாற்றிக்கொண்டு போகக்கூடிய பாடங்கள் என்று நூற்றுக்கும் மேல் இருக்கும் ஒரு பட்டியலை மாநில உயர்கல்வி வாரியமான போர்டு ஆஃப் ரீஜன்ட்ஸ் வைத்திருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளை பின்னால் போக நினைக்கும் யுனிவர்சிட்டியின் பயாலஜி பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செமஸ்டரும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அட்வைசர் சொன்னார் என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் ஸ்காலர்ஷிப் கடிதம் ஒரு வருடத்துக்குத்தான், அடுத்த வருடம் புதிதாகத் தர வேண்டும். முழங்காலில் அடிபட்டு முதல் வருடம் உட்கார்ந்துவிட்டால் இரண்டாவது வருடம் பணம் உண்டா என்று இப்போதே கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

பழைய_செட்டர் எழுதியது:

அங்கிள், நான் உங்கள் மகள் போகப்போகிற மாதிரி ஒரு காலேஜில் இரண்டு சீசன் ஆடியவள். கான்சாஸ்தான். இப்போது எனக்கு இருபத்தெட்டு, டென்வரில் வேலை.

முதலில் நல்லது சொல்கிறேன். எங்கள் டீமில் பதினோரு பேர். பெரிய யுனிவர்சிட்டிக்குப் போன என் சினேகிதி இரண்டு வருடம் சுவர் ஓரமாக நின்று கை தட்டினாள், நான் முதல் மேட்ச் முதல் செட்டிலிருந்து உள்ளே. அதுவும் உங்கள் மகள் லிபரோ. காலேஜ் ஆட்டத்தில் லிபரோ ஒரு ரொட்டேஷனில் சர்வீஸும் போடலாம், ஆக கிட்டத்தட்ட முழு மேட்சும் கோர்ட்டில் இருப்பாள். அந்த வயதில் ஆடுவதற்கு ஈடாக எதுவும் கிடையாது. ஊர் ஜனமும் வரும். கான்சாஸில் இந்தக் காலேஜ்களுக்கு அந்தக் கவுண்டி மக்களின் சொத்து வரியும் போகிறது, அதனால் அது அவர்களுக்குத் தங்கள் காலேஜ். மளிகைக் கடையில் பில் போடுகிற பாட்டி என் பெயரைச் சொல்லி, செவ்வாய்க்கிழமை மூன்றாவது செட்டில் ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்பார்.

ஆனால் பதினோரு பேர் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அக்டோபரில் இரண்டு பேருக்குக் கணுக்கால் பிசகி, ஒருத்திக்குக் காய்ச்சல். மிச்சம் எட்டுப் பேர். பிராக்டிஸில் ஆறுக்கு ஆறு ஆட ஆள் இல்லாமல் கோச்சும் அவர் உதவியாளரும் வலைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். உடம்பு கேட்கிறபோது ஓய்வு கிடையாது. அங்கே அத்லெடிக் டிரெய்னர் முழு நேரம் இருக்கிறாரா, எல்லா டீமுக்கும் ஒரே ஒருவரா என்று கேளுங்கள்.

நீங்கள் சீசன் எப்படி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சீசன் ஓடிவிடும் அங்கிள். பத்துப் பன்னிரண்டு வாரம், கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். எனக்குக் கஷ்டமாக இருந்தது அதற்குப் பிறகு வந்த மாதங்கள். கடைசி மேட்ச் தோற்ற மறுநாள் பிராக்டிஸ் இல்லை, பஸ் இல்லை, மாலை நாலு மணிக்கு என்ன செய்வதென்றே தெரியாமல் டார்ம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தேங்க்ஸ்கிவிங் வந்தது, கேன்டீனைப் பூட்டினார்கள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போனார்கள். எங்கள் வீடு நியூ ஜெர்சியில். நானும் செர்பியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் மட்டும் அந்த மாடியில். அம்மா பார்சலில் அனுப்பிய பருப்புப் பொடியை மைக்ரோவேவ் சாதத்தில் போட்டு இரண்டு பேரும் நாலு நாள் சாப்பிட்டோம். வெளியே காற்று, சமவெளிக் காற்று, ஜன்னல் கண்ணாடி ராத்திரி முழுக்க அதிரும். ஜனவரியிலிருந்து காலை ஆறு மணிக்கு வெயிட் ரூம், மேட்ச் எதுவும் கணக்கில் வராத பிராக்டிஸ், எங்கள் டீமில் மூன்று பேர் அந்த மாதங்களில்தான் விட்டுவிட்டுப் போனார்கள். செப்டம்பரில் யாரும் போகவில்லை.

உங்களுக்கு மூன்றரை மணி நேரம்தான். நவம்பரில் அவள் வேண்டாம் என்று சொன்னாலும் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலேஜைப் பார்க்கப் போகும்போதும் மேட்ச் நாளில் போகாதீர்கள், ஒன்றும் இல்லாத ஒரு சாதாரண நாளில் போங்கள்.

---

ஐயோவா_தம்பி எழுதியது:

அக்காவுக்குச் சொல்ல ஒரு விஷயம் தருகிறேன். என்.பி.ஏ.வில் ஜிம்மி பட்லர் ஆடியது முதலில் டெக்சாஸில் டைலர் ஜூனியர் காலேஜில், அங்கிருந்துதான் மார்க்கெட் (Marquette) யுனிவர்சிட்டிக்குப் போனார். பேஸ்பாலில் ஆல்பர்ட் பூஹோல்ஸ் கான்சாஸ் சிட்டியில் ஒரு கம்யூனிட்டி காலேஜிலிருந்து வந்தவர். ஜூனியர் காலேஜ் என்றால் தோற்றவர்கள் போகிற இடம் என்பது தெரியாதவர்கள் பேச்சு. இவர்களுக்குத் தனி அமைப்பே 1938இல் உருவானதற்குக் காரணம், கலிபோர்னியாவின் சில ஜூனியர் காலேஜ்கள் தங்கள் ஓட்டக்காரர்களை என்.சி.ஏ.ஏ. போட்டியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டு, அவர்கள் மறுத்ததுதான்.

ஒன்று மட்டும் கவனம். சின்ன காலேஜில் டீமே நின்றுபோவதும் உண்டு. உங்கள் மாநிலத்திலேயே ஃபோர்ட் ஸ்காட் 2021இல் ஃபுட்பால் டீமை நிறுத்தியது. வாலிபாலுக்கு அடுத்த இரண்டு வருடப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

---

விச்சிட்டா_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய_செட்டர் சொன்னபடி மேட்ச் இல்லாத ஒரு வியாழக்கிழமை மனைவி, மகள், நான் மூன்று பேரும் போய் வந்தோம்.

கோச் கேட்டவுடனே வெள்ளைப் பலகையைக் காட்டினார். லேப் எந்த நாள் என்று ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் எதிரே எழுதியிருந்தது, செவ்வாய் லேப் இருப்பவர்களுக்குக் காலை ஆறரைக்குத் தனியாக பிராக்டிஸ். டிரெய்னர் ஒருவர்தான், எல்லா டீமுக்கும். அதை மறைக்காமல் சொன்னார். அடிபட்டாலும் இரண்டாவது வருடம் டியூஷன் உண்டு என்று அன்று சாயங்காலமே ஈமெயில் வந்துவிட்டது. விடுமுறையில் டார்ம் மூடுவார்களா என்று மனைவி கேட்டதற்கு, கேன்டீன் மூடும், டார்ம் திறந்திருக்கும், ஆனால் ஒரு பிள்ளையும் அங்கே தனியாக இருக்கக்கூடாது, என் வீட்டில் சாப்பாடு என்றார். மனைவி அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. கார் பாதி தூரம் வந்ததும், அவளுக்கு நல்ல குளிர் ஜாக்கெட் ஒன்று வாங்க வேண்டும் என்றாள்.

டெக்சாஸ்_அம்மா, பாடப் பட்டியலை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. முதல் செமஸ்டருக்கு 14 கிரெடிட், எல்லாமே மாற்றிக்கொண்டு போகக்கூடியவை. வாத்தியார் சொன்ன 3.5ஐ மகளே சிவப்பு மையில் அதன் மேல் எழுதி வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். அதுவரை சாயங்காலம் பின்புறத்தில் நான் அடிக்கிறேன், அவள் எடுக்கிறாள். பத்துக்கு எட்டு எடுத்துவிடுகிறாள், என் இடது பக்கம் வருகிற பந்தை மட்டும்தான் இன்னும் விடுகிறாள்.