11 மணி நேரம் ஓடும் பைத்தான்: எந்த மொழிக்கு மாறலாம்?

கிளமெண்டி_புளோக்வாசி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, அடைமழையில் கால்வாய் நீர் எப்படி ஏறுகிறது என்று கணக்கிடும் நிரல் எழுதியிருக்கிறேன். 2000-க்கு 2000 கட்டங்கள். ஒரு மாலை மழையை ஓட்டிப் பார்க்கப் பைத்தானுக்கு 11 மணி நேரம். வேலையைத் த்ரெட்களாக, அதாவது ஒரே நேரத்தில் ஓட வேண்டிய துண்டுகளாகப் பிரித்தும், செயலியின் 64 கோர்களில் (கணக்கிடும் பகுதிகளில்) ஒன்றுதான் வேலை செய்கிறது, மற்ற 63-ம் சும்மா கிடக்கின்றன. சி++, ரஸ்ட், ஜூலியா, எது நல்லது? சூப்பர்வைசர் ஃபோர்ட்ரான் என்கிறார். 1957-ல் வந்த மொழி! சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

தேக்கா_அண்ணன்:
சிரிக்காதீங்க தம்பி. வானிலைக் கணிப்பு நிரல்கள் பல இன்னும் அதில்தான் ஓடுது. பைத்தானில் ஜில் (GIL) என்ற உள்பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் நகரும். பூட்டில்லாத பதிப்பு 3.13-ல்தான் சோதனையாக வந்தது. வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓப்பன்எம்பி (OpenMP) 1997-ல் முதலில் ஃபோர்ட்ரானுக்குத்தான் வந்தது. திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு மேலே ஒரு வரி, அவ்வளவுதான்.

இரவுப்பறவை:
என் ஓட்டு ரஸ்டுக்கு. இரண்டு த்ரெட் ஒரே இடத்தில் எழுதப் பார்த்தால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே விடாது. ஆனால் பக்கத்துக் கட்டங்களைத் தொடும் கணக்கில் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆய்வு முடிய எத்தனை மாதம் இருக்கு?

கிளமெண்டி_புளோக்வாசி:
நாலு. அதனால் ஃபோர்ட்ரானிலேயே எழுதிவிட்டேன். ஒரு கோரில் 14 நிமிடம். இரண்டாவது கோப்பி-ஓ குடிக்கும்போதுதான் உறைத்தது: பைத்தான் பழக்கத்தில் வரிசை வரிசையாகப் போயிருக்கிறேன். ஃபோர்ட்ரான் எண்களை மெமரியில் நெடுக்காக, பத்தி பத்தியாக அடுக்கும். அடுத்த எண்ணுக்கு ஒவ்வொரு முறையும் 16,000 பைட் தாண்டல்! செயலியின் பக்கத்திலேயே இருக்கும் சின்ன வேகமான நினைவகமான கேஷுக்கு ஒரு முறைக்கு 64 பைட், அதாவது 8 எண்கள் வந்து, ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழை வீணடித்திருக்கிறேன். இரண்டு லூப்பையும் இடம் மாற்றினேன். 3 நிமிடம்! அப்புறம் ஓப்பன்எம்பி போட்டேன். 16 கோரில் 40 நொடி. 64-லும் அதே 40. ஏன்?

தேக்கா_அண்ணன்:
கணக்கின் ஒவ்வொரு படியின் முடிவையும் டிஸ்கில் எழுதுறீங்களா?

கிளமெண்டி_புளோக்வாசி:
ஐயோ, இல்லை, நூறு படிக்கு ஒரு முறை. அதுவும் ஒரே த்ரெட்டில்.

தேக்கா_அண்ணன்:
அதை நிறுத்திட்டு ஓட்டிப் பாருங்க. கோர் கூடினால் வேகம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் அம்டால் விதிப்படி, வேலையில் 5 விழுக்காடு ஒரே கோரில் ஓடினாலே, எத்தனை கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது.

கிளமெண்டி_புளோக்வாசி:
நிறுத்தினேன். 16-ல் 15 நொடி. 64-ல் 13.

தேக்கா_அண்ணன்:
மீதி மெமரி வழியில் நெரிசல். கோர் எத்தனை இருந்தாலும் எண்கள் வரும் வழி ஒன்றுதானே. 16-ஐ நீங்க வச்சுக்குங்க, மற்றதை ஆய்வகத்தில் வேறு யாருக்காவது விட்டுடுங்க.