கிராமபோன் காலத்து ஓபரா குரல்களைக் கேட்டு ரசிப்பது எப்படி?

கேள்வி: ஆலயப் பாடகர், நாகர்கோவில்

பாமாலைப் பாடல்களை நான்கு குரலில் பாடிப் பழகிய டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல் பாடகன் நான். இப்போது 1902 முதல் 1910 வரையிலான ஓபரா (மேலை இசை நாடகம்) ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டு வருகிறேன். இத்தாலிய டெனர் என்ரிகோ கரூசோவின் குரல் உடனே மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் பாடகி அடெலினா பட்டியும் டெனர் ஃபெர்னாண்டோ டி லூச்சியாவும் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்வதும், விரும்பிய இடத்தில் காலத்தை நீட்டுவதும் எங்கள் பயிற்சியில் பிழையென்று திருத்தப்படுபவை. இவற்றின் அழகை உணரக் காதை எப்படிப் பழக்குவது?

பதில் 1: இசைத்தட்டுச் சேகரிப்பாளர், தக்கலை

தம்பி, முதலில் கருவியின் குறையைப் பாடகரின் பாணியிலிருந்து பிரித்துக் கேளுங்கள். 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு பரவும்வரை, பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாயருகே நின்று பாட, அந்தக் குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் தடம் கீறியது. உயர்ந்த அதிர்வெண்கள் பெரும்பாலும் பதியாததால் பெண் குரல்கள் மெலிந்து ஒலிக்கின்றன. டெனர் குரல் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. 1902 ஏப்ரல் 11 அன்று மிலான் நகர விடுதி அறையொன்றில் கரூசோ பாடிய பத்துப் பாடல்கள் இன்றும் நெருக்கமாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதைவிட முக்கியம் சுழற்சி வேகம். நிமிடத்துக்கு 70 சுற்றில் பதிவான தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ இரண்டு அரைச்சுரம் ஏறிவிடும். குரலின் நடுக்கமும் வேகமெடுக்கும். டி லூச்சியா பல பாடல்களைச் சுருதி இறக்கிப் பாடியவர். இசைக்குறிப்பில் அச்சிட்ட சுருதிக்கு ஏற்றி ஓட்டிய பிரதியைக் கேட்டு அவரை மதிப்பிடுவது அநியாயம்.

பதில் 2: வாய்ப்பாட்டு ஆசிரியை, மார்த்தாண்டம்

வேகத்தைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. வழுக்கலைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு கிருதியின் சுரக்குறிப்பில் எல்லாக் கமகமும் எழுதப்படுவதில்லை. குருவிடம் கேட்டவருக்கு அது தெரியும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியப் பாடல்களையும் அப்படியே அணுகுங்கள். 1843-இல் பிறந்த பட்டி, இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்டி பெரிதும் மதித்த பாடகி. ஆகவே பட்டியின் வழுக்கலையும் அணிகளையும் அந்த இசையைப் பாடும் மரபாகவே நான் கேட்கிறேன்.

பதில் 3: ஓபரா ரசிகர், குளச்சல்

எல்லாவற்றையும் மரபென்று ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பட்டி முதன்முதலாகப் பதிவு செய்த 1905-இல் அவருக்கு வயது 62. மூச்சு குறைந்த இடங்கள் தெளிவாகவே தெரிகின்றன. தட்டில் இடம் சில நிமிடங்களுக்கே இருந்ததால் சிலர் அவசரப்படுவதும் உண்டு.

நீங்கள் டெனர் என்பதால் ஃபிரான்செஸ்கோ தமாக்னோவைக் கேளுங்கள். 1887-இல் வெர்டியின் 'ஒதெல்லோ' மிலானில் அரங்கேறியபோது ஒதெல்லோவாகப் பாடியவர் அவர்தான். 1903-இல் அதன் சில பகுதிகளைப் பதிவு செய்தார். வெர்டியின் இசைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எந்தச் சொல்லுக்காகக் காலத்தை நீட்டுகிறார் என்று வரிவரியாகக் குறித்துப் பாருங்கள்.