தம்பிகூட கார் கத்துக்கறேன், எனக்கு மட்டும் வண்டி ஆஃப் ஆகுது

நானும் தம்பியும் ஒண்ணா ஆரம்பிச்சோம், அவன் அதுக்குள்ள மூணாவது கியர் போட்டு ஓட்டறான், எனக்கு கிளம்பும்போதே ஆஃப் ஆயிடுது, அவன் பின்னாடி உட்கார்ந்திருந்தா காலே நடுங்குது. தனியா போயிடலாமா?

பதில் 1:
வேணாம்ங்க. கிளட்ச சட்டுனு விடறதால தான் ஆஃப் ஆகுது. சமதரையில ஆக்சிலேட்டர தொடாம கிளட்ச மட்டும் மெல்ல விடுங்க, வண்டி லேசா அதிர்ந்து நகர ஆரம்பிக்கும்ல, அங்கயே கால நிறுத்துங்க, அந்த இடம் காலுக்கு பழகணும், அவ்ளோதான்.

பதில் 2:
நானும் அக்காவும் ஒண்ணா தான் கத்துக்கிட்டோம். ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் வாயே திறக்கக்கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம், அது ரொம்ப உதவுச்சு. அவ ஓட்டறத பார்த்தே கண்ணாடி பார்க்கற பழக்கம் எனக்கு வந்துச்சு.

கேட்டவர்:
நன்றிங்க, தம்பிகிட்ட இன்னைக்கே பேசறேன்.