ரேங்ளர் ஜேகே: ஸ்பேர் டயர் மேல் 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக் மாட்டலாமா?

மணல்மேடு:
வண்டி ஜீப் ரேங்ளர் ஜேகே, நாலு கதவு, இடப்பக்க ஸ்டியரிங். ஸ்பேர் 285/70 ஆர்17, அதாவது சுமார் 33 அங்குல உயரம். கேரியர் (ஸ்பேரைத் தாங்கும் சட்டம்), பம்பர் ரெண்டுமே கம்பெனியோடதுதான். ஹை-லிஃப்டை (துளை போட்ட நீளமான இரும்புப் பட்டையில் படிப்படியா ஏறும் ஜாக்) டயர் முகத்தில் கிடையா மாட்டணும். வீல் நட்டோட சேர்த்துப் பிடிக்கிற பிராக்கெட் போதுமா, டெயில்கேட் (பின்கதவு) தாங்குமா? ஓட்டம் பெரும்பாலும் ஷார்ஜா மணல், அப்பப்போ ஹஜார் மலைக் கல்பாதை.

கீல்_எண்ணெய்:
ஜாக் சுமார் 13 கிலோ. அது கதவுத் தகட்டிலிருந்து ஓரடி தள்ளித் தொங்கும். கல்பாதையில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அதன் இழுப்பு பல மடங்காகிக் கீலுக்கும் கேரியர் போல்ட்டுக்கும் போகும். உங்க 33 அங்குல டயரோட கம்பெனி கேரியர் சமாளிக்கும். 35க்குப் போறதா இருந்தா ஜாக்கை அங்கே வைக்காதீங்க. கேரியர் போல்ட்டைச் சுத்தித் தகடு விரிசல் விடும். அப்போ கீலோட சேர்ந்து வர்ற கனமான கேரியரோ, பம்பர்ல இருந்து தனியா திறக்கிற கேரியரோதான் சரி.

மாட்டுறதுக்கு முன்னாடி டயர் மேல்விளிம்பைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. கதவிலுள்ள ரப்பர் முட்டுகள் மேல டயர் அழுத்தி உட்கார்ந்திருக்கணும். இடைவெளி இருந்தா அந்த முட்டுகளை வெளியே தள்ளி வைங்க. அதைச் செய்யாம ஜாக்கை ஏத்தினா மொத்த ஆட்டமும் போல்ட்டுக்குத்தான்.

அரை_அங்குலம்:
பிராக்கெட்டில் பலர் கவனிக்காதது நட்டு உட்காரும் விதம். ஜேகே ஸ்பேர் மூணு ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக் கம்பி) நிக்குது, அளவு 1/2-20, அதாவது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. வீல் நட்டுக்குக் கூம்பு முகம். வீல் துளையும் அதே சரிவு. நடுவில் தட்டையான பிராக்கெட் தகடு வந்தா கூம்பு உட்காராது. நீங்க இறுக்கினது தகடு நசுங்கினதும் தளர்ந்திடும். அதனால முதல்ல டயரை அதன் சொந்த நட்டால் முழுசா இறுக்குங்க. பிராக்கெட்டை ஸ்டட் நீட்டிப்பு மேல தனி நட்டு, வாஷர் போட்டுப் பிடிங்க. நீட்டிப்பு குறைஞ்சது 10 முழுச் சுத்து ஏறணும்; அந்த மரையில் அது சரியா அரை அங்குலம். ஏழெட்டுச் சுத்தோட நின்னா நீளம் பத்தலை, வேற வாங்குங்க.

ஜாக் பட்டைத் துளையில் போல்ட்டை நேரா விட்டுப் பார்த்த பிறகே பிராக்கெட் வாங்குங்க. ரெண்டு போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கோ அவ்வளவு நல்லது. பட்டைக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் வாஷர். வெறும் பட்டாம்பூச்சி நட்டு கழண்டுடும். ஒண்ணுல பூட்டு போடுங்க. கைப்பிடியைப் பட்டையோட ரப்பர் கிளிப்பால் கட்டலைன்னா வழி முழுக்க சலங்கை ஒலிதான். முதல் 50 கி.மீ. ஓடினதும் எல்லா நட்டையும் திரும்ப இறுக்குங்க.

மணல்மேடு:
நன்றி. கிடையா வச்சா கதவு திறக்குமா?

கீல்_எண்ணெய்:
ஜாக் 122 செ.மீ., டயர் 84 செ.மீ. நடுவில் வச்சா ரெண்டு பக்கமும் 19 செ.மீ. நீட்டும். கீல் வலப்பக்கம், முழுசாத் திறக்கும்போது அந்த முனை பின்விளக்கில் இடிக்கும். கதவுக் கைப்பிடிப் பக்கமா நகர்த்துங்க, ஆனா இடது மூலையில் நம்பர் பிளேட் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவே இடம் கிடைக்கலைன்னா சாய்வா மாட்டுங்க. மூணாவது பிரேக் விளக்கு மறையாம இருக்கட்டும்.

நங்கூரம்:
ஒரு குறுக்குக் கேள்வி: தூக்கப்போறது எதை? கம்பெனி பம்பர் பிளாஸ்டிக். அதில் ஹை-லிஃப்ட் நாக்கை வச்சா பம்பர்தான் பிய்யும். இரும்பு பம்பரோ ராக் ஸ்லைடரோ (பக்கக் கதவுகளுக்குக் கீழே போடும் இரும்புக் காப்பு) இல்லைன்னா, சக்கரத்தைப் பிடிச்சுத் தூக்கும் கொக்கி இணைப்பு வாங்கணும். மணலுக்கு அடித்தட்டும் வேணும், இல்லைன்னா ஜாக் கீழே போகும், வண்டி அப்படியே நிக்கும்.

வெளியே தொங்குற ஜாக்கில் முதலில் கெடுவது ஏறும் பின்களும் (பட்டைத் துளைகளில் மாறி மாறி மாட்டுற ஊசிகள்) ஸ்பிரிங்கும். மணல் புகுந்து பின் முழுசா உள்ளே போகலைன்னா, பாரத்தோட கைப்பிடி எகிறித் தாடையைப் பேத்துடும். உறை போடுங்க. கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடிச்சு வச்சுக்கும்; கழுவிக் காயவச்சு உலர் லூப்ரிகன்ட் அடிங்க. மாட்டி வைக்கும்போது திசை மாத்தும் நெம்பு மேல்நிலையில் இருக்கட்டும். இறக்கும்போது ஜாக் மேல 68 கிலோவாவது பாரம் வேணும். அதுக்குக் கீழே போனா படிப்படியா இறங்காம சர்ருன்னு வழுக்கும்.